மாமியாரின் கொல்லை போனும் சாந்தியின் இணையமும்

திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டு சாந்தியின் இணையம் இன்று காலை பத்து மணி முதல் மாலை வரை ஒரு முறையும் அறுபடவில்லை. மோடத்தைப் பார்த்து இதை உறுதி செய்தவர் லைன்மேன் ஏழுமலை.

சாந்தி வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறார். இந்த வாரமும் லைன் அறுந்தால் வேலை போய்விடும் என்று எச்சரித்திருந்தார்கள்.

இதைச் சரிசெய்ய, விழுப்புரத்துக் கடைக்காரர் விடிஎஸ்எல் என்ற இன்னும் வேகமான வகை மோடம் வாங்கச் சொல்லியிருந்தார். ஏழுமலை சிரித்துவிட்டார்.

"தெருமுனைப் பெட்டி வரைக்கும் ஃபைபர் வந்தாதான் அது ஓடும்க்கா. உங்களுக்கு எக்ஸ்சேஞ்சுலருந்தே செம்புக் கம்பி, ஏடிஎஸ்எல். அத்த வாங்கி இன்னா பண்றது?"

சாந்தி ஒரு நோட்டை நீட்டினார். லைன் அறுந்த நேரங்களைக் குறித்து வைத்திருந்தார். தினமும் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள்.

"அப்பதான் மண்டிக்கு போன் போட்டு மல்லாட்டை விலை கேட்டுக்கினு இருப்பேன்" என்றார் மாமியார். வேர்க்கடலையைத்தான் அப்படிச் சொல்வார்.

"எந்த போன்லம்மா?"

"கொல்லையில நானே ஒயர் இழுத்து ஒண்ணு வச்சிருக்கேனே, அதுல."

பேச்சும் இணையமும் ஒரே கம்பியில் வருவதால், இரண்டையும் பிரிக்கும் ஃபில்டர் ஒவ்வொரு போனுக்கும் வேண்டும். கொல்லை போனில் அது இல்லை. இன்று காலை பத்து மணிக்குள் ஏழுமலை ஒன்றை மாட்டினார். மாமியார் அரை மணி நேரம் மண்டியோடு பேரம் பேசினார். இணையம் அசையவில்லை.

"பாத்தியா, என் போன் மேல தப்பே இல்ல" என்றார் மாமியார்.

"ஆமாங்கத்த, பேஜாரெல்லாம் என்னாலதான்!" என்றார் சாந்தி.

கம்பெனியின் முடிவு வெள்ளிக்கிழமை மாலை தெரியும். அதுவரை மல்லாட்டை விலை வேண்டியவர்கள் மாமியாரைத் தாராளமாகக் கூப்பிடலாம். லைன் தாங்கும்.