அண்ணன் நான்கு நாள் மறைத்தது

அண்ணனுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அழுதது நான்தான். அவர் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மருந்து ஏறுறப்ப டீ குடிக்கலாமா?" ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோராக ஆட்களை மேய்த்தவர். அண்ணி போன பிறகு, கோலா சிலாங்கூரில் என் வீட்டில்தான் இருக்கிறார். நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அதனால் அவருக்கு எல்லாவற்றையும் விளக்குவது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

அவருக்குக் கொடுத்தது இம்யூனோதெரபி. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டை வைத்தே சொன்னேன். டி செல் என்பது நம் உடம்பின் காவல்காரன். அதன் மேற்பரப்பில் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு புரதம் எதிரியை அடையாளம் காண்பது, மண்டோர் பெயர் கூப்பிடுகிற மாதிரி. இன்னொன்று அதை உறுதி செய்வது, தோட்டத்துக் கணக்கர் கிராணி புத்தகத்தில் குறிக்கிற மாதிரி. இரண்டும் நடந்தால்தான் டி செல் வேலைக்கு இறங்கும். மூன்றாவது ஒரு புரதம் பிரேக். புற்றுநோய் அந்தப் பிரேக்கை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. மருந்து போய் அந்தப் பிரேக்கை மறைத்துவிடும், புற்றுநோய் கைக்கு அகப்படாது.

"வேல முடிஞ்சதும் அந்த டி செல்லெல்லாம் எங்க போகும்?"

"பெரும்பாலானதுக்கு இன்னொரு புரதம் வழியா உத்தரவு வரும்ணே. தானாவே செத்துப் போயிரும்."

"அப்ப எஸ்டேட்டே தேவலாம்லா. வேல முடிஞ்சா லயத்து வீட்ட விட்டுத்தான் போகச் சொன்னான்."

பிரேக் இல்லாத டி செல் சில சமயம் சொந்தக் குடலையே தாக்கும், வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எனவே தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் நோட்டுப் புத்தகத்தோடு அவர் முன்னால் போய் நின்றுவிடுவேன். இருமல்? இல்ல. அரிப்பு? இல்ல. வயிறு? "நல்லா இருக்குலா." ஒரு டிக். நண்டு, இறால் இரண்டுக்கும் தடை வேறு. அது டாக்டர் போட்ட தடை இல்லை, நான் போட்டது.

மூன்றாம் முறை மருந்து ஏற்றிய பிறகு ஒரு காலை, "நல்லா இருக்கு" என்று சொன்ன வாயோடு சமையலறை வாசலில் சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில்தான் விஷயம் தெரிந்தது. நான்கு நாளாக, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வயிற்றால் போயிருக்கிறது. என் நோட்டில் அந்த நான்கு நாளும் அழகாக டிக் போட்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார்.

"சுங்கை செம்பிலாங் கடற்கரையில கூட்டாளி நண்டு வாங்கிக் கொடுத்தான் டாக்டர். வயிறு போகுதுன்னு சொன்னா நண்டு தின்னது தெரிஞ்சிரும். தங்கச்சி சும்மா விடமாட்டா."

முப்பது வருஷம் பெரட்டில் அடுத்தவர் சொன்ன பொய்களைக் கேட்டவருக்கு, எந்தப் பொய் எடுபடும் என்று தெரியாதா என்ன! நான்தான் ஏமாந்தேன்.

நண்டு ஒரு பாவமும் செய்யவில்லை, இது டி செல்களின் வேலை என்றார் டாக்டர். அவற்றை அடக்க ஸ்டீராய்டு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் குடல் கிழிந்து ஆளே போயிருப்பார் என்றும் சொன்னார். புற்றுநோய்க்குப் பயப்படாத மனுஷன் எனக்குப் பயந்து சாகப் பார்த்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும், "நாலு நாளாண்ணே?" என்று ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் என்னைக் கையமர்த்திவிட்டு, இனி வயிறு போனால் நேரே கூப்பிடச் சொல்லி, வார்டின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தார்.

அண்ணன் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தங்கச்சிக்குத் தெரியாம கூப்பிடலாமா டாக்டர்?" என்றார்.

"கூப்பிடுங்கண்ணே" என்றேன், டாக்டர் வாய் திறக்குமுன்.