மசக்கை நின்ற நாள்

மசக்கை என்றால் மாங்காயும் புளியும் என்று சொல்கிறவர்கள் என்னை வந்து பார்த்திருக்க வேண்டும். காலையில் பற்பசை வாயில் பட்டதுமே குடல் மேலேறி வரும். மார்பு கனத்து, ரவிக்கை உரசினாலே வலித்தது. நாக்கில் எந்நேரமும் காசைச் சப்பியது போல ஒரு ருசி. உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த கஷ்டம் என்பதால், வாந்தியெடுத்துவிட்டு முகம் கழுவும்போது சிரிப்புகூட வரும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பொம்மையை வெளியே எடுப்போம். ஈரம் குடித்த அச்சு நல்ல கனம். அதைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் காயவைக்க வேண்டும். பக்கத்தில் உட்காரும் அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தால், தூக்குகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டு, ஈரப் பஞ்சால் பிசிறு துடைக்கிற வேலையை எனக்குக் கொடுத்திருப்பார். மாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

“மூணு மாசம் முடியட்டும். அதுக்குள்ள வெளிய சொன்னா கண்ணு பட்டுடும்.”

“அந்த அக்கா அப்படி இல்லைங்கத்தை.”

“யாரு கண்ணு எப்படின்னு உனக்குத் தெரியுமா? பேசாம இரு.”

பேசாமல் இருந்தேன். உடைந்த பொம்மைகளைக் கொட்டும் குவியலுக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து, பித்தம் என்று சொன்னேன். அக்கா அதை நம்பி, மறுநாள் இஞ்சி மரப்பா வாங்கி வந்தார்.

முதல் ஸ்கேனில், கறுப்பாகத் தெரிந்த பைக்குள் உளுந்து அளவில் ஒன்று இருந்தது. அதன் நடுவில் என்னவோ விட்டுவிட்டு மினுங்கியது. “அதாம்மா துடிப்பு,” என்றார் டாக்டரம்மா. பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், அன்றிலிருந்து போனில் கரு வளர்கிற படங்களாகப் பார்க்க ஆரம்பித்தார். டீ குடிக்கும்போதெல்லாம் எனக்குப் பாடம் நடக்கும். “இந்த வாரம் கை மொளைக்குமாம். வெரலுக்கு நடுவுல ஜவ்வு இருக்குமாம், அப்புறமாத்தான் தனித்தனியா பிரியுமாம்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கினேன், ஒன்றும் செய்யவில்லை. மத்தியானம் மாமியார் வைத்த கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் சாப்பிட்டேன். மாமியார் எனக்குத் திருஷ்டி வழித்து நெட்டி முறித்தார். “மசக்கை தெளிஞ்சிடுச்சு. இனிமே புள்ளைக்கு ஒடம்பு புடிக்கும்,” என்றார். மார்பு வலியும் போயிருந்தது. வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று நானும் சந்தோஷப்பட்டேன். வீடே சந்தோஷப்பட்டது. அடுத்த வாரம் கறி எடுத்தார்கள்.

அடுத்த ஸ்கேனில் டாக்டரம்மா திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

“துடிப்பு இல்லம்மா. நின்னு ரெண்டு வாரம் ஆயிருக்கும்.”

கணக்குப் போட்டால், அந்தக் கருவாட்டுக் குழம்பில் வந்து நின்றது. “கனம் தூக்கினதாலயா டாக்டர்?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. ஆரம்பத்துலயே கரு சரியா அமையல. நீ படுத்தே கெடந்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது புரியவும் செய்தது. ஆனாலும் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. விரல் பிரிந்திருந்ததா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மீதியெல்லாம் வீட்டிலேயே முடிந்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லவேளை, யாருக்கும் சொல்லல,” என்றார். எனக்கு வந்த கோபத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அவர் சிந்திய சோற்றை அள்ளிக்கொண்டே, “உம் புருசனுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போச்சு. நான் யாருகிட்ட சொல்லி அழுதேன்?” என்றார். அதற்குமேல் அவரோடு சண்டை போடவும் எனக்குத் தெம்பில்லை. இருக்கிறதா இல்லையா என்றே யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு யார் துக்கம் கேட்டு வருவார்கள்?

ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனேன்.

“பித்தம் நின்னுடுச்சா?” என்றார் அக்கா.

“நின்னுடுச்சுக்கா.”

கொஞ்ச நேரம் அச்சில் மண் ஊற்றிக்கொண்டிருந்தவர், குரலைத் தாழ்த்தி, “கோச்சுக்காத, ஒண்ணு கேக்கறேன். இத்தன வருசத்துல ஒரு தடவகூட முழுகாம இருந்ததில்லியா?” என்றார்.

“இல்லக்கா.”

அக்காவின் கண் கலங்கிவிட்டது. நான் அச்சைத் தூக்க எழுந்தபோது என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். “மூஞ்சியே வெளுத்துப் போயிருக்குது. நீ பிசிறு தொடச்சுக்கிட்டு இரு, நான் தூக்கறேன்.”

அன்றைக்கு முழுக்க எல்லா அச்சையும் அக்காவே தூக்கினார்.