கடைசியாக வந்தவர்

வத்தளைக்கு அப்பால் உள்ள வயல்களை மண் போட்டு நிரப்பவிடாமல் காப்பதற்கு நிதி சேர்க்கும் சைக்கிள் பயணம் அது. குடும்பம் குடும்பமாக வரச் சொல்லியிருந்தார்கள். நானும் என் சின்ன மகளும் வெள்ளவத்தையிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் சேர்ந்துகொண்டோம்.

களனிப் பாலம் தாண்டியபோது எங்களுக்குப் பின்னால் ஒரேயொரு பெண்மணிதான் மிச்சம். அறுபது வயதிருக்கும். கொண்டைக்கு மேல் ஹெல்மெட், கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். அடிக்கடி திரும்பி, பின்னால் வெறுமனே கிடந்த தெருவைப் பார்த்தார். வாகனங்களுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். பாவம், கடைசியாகப் போய்ச் சேரும் வெட்கம் அவருக்கு வேண்டாமென்று வேகத்தைக் குறைத்தேன். அவரும் குறைத்தார். நான் இன்னும் குறைத்தேன். முடிவில் மூன்று பேரும் காலூன்றி நின்றுவிட்டோம்.

"அன்ரி, நீங்க முன்னுக்குப் போங்கோ," என்றேன்.

"ஏலாது தம்பி. கடைசியா வாறதுதான் எனக்குத் தந்த வேலை. உங்களை முந்திப் போனா, வழியில ஆராவது களைச்சு நிண்டாலும் எனக்குத் தெரியாது."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பெடலை மிதித்தேன்.

வயலோரத்தில் சாப்பாட்டுப் பார்சல்கள் பிரிக்கப்படாமலே இருந்தன. அவர் வந்து இறங்கி, இன்னுமொரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் வந்தாச்சு!"

முதலில் வந்த பெடியனுக்குக்கூட அப்படிக் கை தட்டியிருக்க மாட்டார்கள். தலை நிமிர்ந்து அதை வாங்கிக்கொண்டார்.

"அந்த அன்ரிக்கு முன்னால வந்தது நாங்கள்தான்," என்று மகள் வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிகிறாள். எனக்கும் அதில் பெருமைதான்.