எட்டாம் நம்பர் இல்லாத இறுதி ஆட்டம்

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் நான் படித்த கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணி தொடங்கியபோது, எங்களில் பாதிப் பேருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. கபடி ஆடியவர்கள், ஓட்டப்பந்தயத்தில் ஓடியவர்கள் என்று கிடைத்தவர்களைச் சேர்த்து பி.டி. சார் அணி கட்டினார். உயரமாக இருந்ததால் என்னைக் கோல்கீப்பராக நிறுத்தினார். நிஜமாகவே ஆடத் தெரிந்தவள் ஒருத்திதான்.

சர்ச்சுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் தெருப் பையன்களோடு ஆடி வளர்ந்தவள் அவள். எட்டாம் நம்பர் சட்டை அவளுடையது. அப்பா இல்லை. அவளுடைய அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் படிக்க வைத்தார். எங்கள் கழனியிலும் நட்டிருக்கிறார். நாங்கள் பந்து வந்ததும் பயத்தில் உதைத்துத் தள்ளுவோம். அவள் பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

"இன்னாத்துக்குடி இப்டி பதர்ற? நீ ஒதைக்கலன்னா பந்து இன்னா அழுவுமா?" என்று என்னைத் திட்டுவாள்.

மண்டல லீக்கில் முதல் ஆட்டத்தில் கேவலமாகத் தோற்றோம். அடுத்ததை டிரா செய்தோம். அதற்குப் பிறகு ஜெயிக்கத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வருவோம். அவள் மட்டும் டிரைவருக்குப் பின்சீட்டில் தூங்கிவிடுவாள்.

நடவு முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர் ஏரிக்கரைத் திருப்பத்தில் கவிழ்ந்தது அந்தச் சமயத்தில்தான். அவளுடைய அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டோடு படுத்துவிட்டார். ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் இவள் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். விடியுமுன் கம்பெனி பஸ் வந்துவிடும். வகுப்புக்கு வருவது ஏறக்குறைய நின்றுபோனது. துறைத்தலைவர் கண்டும் காணாமல் இருந்தார். ஆனால் சாயங்காலம் பிராக்டீஸுக்கு வந்துவிடுவாள், கம்பெனி பேன்ட்டோடு.

அரையிறுதி செங்கல்பட்டில். ஆட்டம் சமனில் முடியப்போகிற நேரம், நடுக்கோட்டருகில் அவளிடம் பந்து வந்தது. வழக்கம்போல் நின்றாள். எதிரணி கீப்பர் முன்னால் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே தூக்கி அடித்தாள். பந்து அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்ததை எதிர்ப்பக்கக் கோலில் நின்று பார்த்தேன். அவ்வளவு தூரத்தை ஓடிக் கடந்து போய் அவளைக் கட்டிப்பிடித்தேன்.

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். மழை கொட்டி மைதானம் குளமானதால் புதன்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். சார் கம்பெனி வாசலுக்கே போய் சூப்பர்வைசரிடம் கெஞ்சினார். லீவு போட்டால் வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷூவை ஒரு பையில் போட்டு எடுத்து வந்து, தனக்குப் பதிலாக ஆடப்போகிற பெண்ணிடம் கொடுத்தாள்.

"கொஞ்சம் பெர்சா கீதா? பேப்பர் வெச்சி போட்டுக்க."

இரண்டு கோலில் தோற்றோம். இரண்டாவது என் கைக்கு அடியில் நழுவிப் போனது. நாங்கள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க வந்த அம்மா ஒருவர் சாரிடம் வந்தார்.

"செமி ஃபைனல்ல எட்டாம் நம்பர்ல ஆடுச்சே, அந்தப் பொண்ணு எங்க சார்? அதப் பாக்கத்தான் வந்தேன்."

சார் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் காலை சென்னையில் தேர்வு, எப்படியாவது அழைத்து வாருங்கள் என்றார் அந்த அம்மா. சார் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனார். அவள் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். முகம் ஒரு நொடி மலர்ந்தது.

"நானே கூட்டிக்கினு போய் கூட்டிக்கினு வரேன்மா. ஒரு நாள்தான்," என்றார் சார்.

"நாளைக்குப் போனா, நாளன்னிக்கி இன்னா பண்றது சார்?"

கட்டிலில் இருந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் அந்தக் கம்பெனி கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரையும் நிறுத்திவிட்டது. ஒரு ஆட்டத்தையும் ஒரு தேர்வையும் விட்டுக்கொடுத்துக் காப்பாற்றிய வேலை, அடுத்த மழைக்காலம் வரைகூட நிற்கவில்லை. அதற்குள் எங்கள் அணியும் கலைந்துவிட்டது. அவள் அரியர் எழுதாமலேயே கல்யாணமாகி வாலாஜாபாத் போனாள்.

இந்த வருஷம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவளையும் அவள் அம்மாவையும் பார்த்தேன். அம்மா இப்போது கோலூன்றி நடக்கிறார். மாத்திரை வாங்க இவள் கடைக்குப் போனதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கூட இருந்தவதானே, சொல்லு. எம் பொண்ணு எப்டி ஆடும்? ஒரு தபா கூட நான் பாத்ததில்லயே."

சொல்ல ஆரம்பித்தேன். பந்தை நிறுத்துவாள், தலையைத் தூக்குவாள் என்று ஏதேதோ சொன்னேன். எல்லாம் வெறும் சொல்லாக இருந்தது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் போக வேண்டிய காஞ்சிபுரம் பஸ் வந்து நின்றது.

"இன்னும் சொல்லு. அடுத்த பஸ்ல போய்க்கலாம்," என்றார்.