காப்பி நேரம்

சிவகாசி அச்சகத்தில் நான் வேலை பார்த்தபோது, சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் காலையில் அந்த அக்காவைப் பார்ப்பேன். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். மார்கழிக் குளிரிலும் திடீரென முகம் சிவந்து வேர்த்துவிடும். ஈரத்துண்டைப் பிடரியில் போட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து விடுவார்.

“தீட்டு நின்ன பெறகு வர்ற சூடு தாயி. மார்ல கேன்சர் கட்டி எடுத்ததால ஹார்மோன் மாத்திர எனக்கு ஆகாதுன்னுட்டாக. காப்பி குடிச்சா சூடு கூடுது, அதையும் விட்டுட்டேன்” என்றார் ஒருநாள்.

ஆனாலும் நான் காப்பி வாங்கினால் பக்கத்தில் வந்து நிற்பார்.

“வாசம் பிடிக்கவாக்கா வாறீக?” என்று கேட்டேன்.

“எனக்காக வீட்ல அவுகளும் காப்பிய விட்டுட்டாக. முன்னெல்லாம் காலையில ரெண்டு பேரும் டம்ளரோட உக்காந்து பேசிக்கிட்டிருப்போம். இப்ப அந்தப் பேச்சும் இல்ல.”

“சும்மாவே உக்காந்து பேசலாமேக்கா?”

“என்ன சொல்லிக் கூப்பிட?” என்றார்.

எனக்கும் கல்யாணமாகி இத்தனை வருஷமாயிற்று. பேச வேண்டுமென்றால் இன்னும் காப்பி போட்டுத்தான் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறேன்.