நோயாளி சொன்னபடியே

அந்த மருத்துவமனையிலிருந்து உயிரோடு வெளியே போகிற எல்லாரும் கையெழுத்தம்மாவின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். டாக்டர் போகலாம் என்று சொல்லியிருப்பார், வார்டில் மூட்டை கட்டியிருப்பார்கள், வாசலில் வண்டி கூட வந்து நின்றிருக்கும். அவள் தலையைத் தூக்காமல் கேட்பாள்.

"வீட்ல எத்தன படி?"

"பதினெட்டும்மா."

"பின்பக்கம் மாடிப்படி இருக்கு. பதினெட்டு ஏறிக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

டிஸ்சார்ஜ் பிரிவில் இருபத்தாறு வருஷம். கையெழுத்து இல்லாமல் ஒரு ஈயைக்கூட வெளியே விடமாட்டாள் என்று வார்டு ஆட்கள் வைத்த பேர்தான் கையெழுத்தம்மா. அவளுக்கு அதில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை.

படிவம் நாலு பக்கம். நோயாளிக்கு நேரில் சொன்னார்களா, பதினாலு நாள் அவகாசம் கொடுத்தார்களா, போகிற இடத்தில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று வரிசையாகக் கேட்கும். கடைசிப் பெட்டி நோயாளியின் விருப்பத்துக்கு. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது சட்டம். மற்ற ஊழியர்கள் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. இவள் விடமாட்டாள். ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவர் 'நோயாளி வீடு திரும்ப விரும்புகிறார்' என்று அழகாக எழுதிக் கொடுத்தார். இவள் வார்டுக்கே போய் விசாரித்துவிட்டு வந்து தாளைத் திருப்பி நீட்டினாள்.

"அவர் அப்படிச் சொல்லல சார். 'உங்க மூஞ்சியெல்லாம் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு, என்னை விடுங்க'ன்னு சொன்னாராம். மூஞ்சின்னா மூஞ்சின்னுதான் எழுதணும்."

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். அது வெறும் வீம்பு இல்லை. வீட்டுக்குப் போகணும் என்று நோயாளி வாயால் சொன்னது அந்தப் பெட்டியில் இருந்துவிட்டால், வீட்டில் ஆள் இல்லை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பகலில் ஒரு உதவியாளரை அனுப்பியாவது அவரை வீட்டில் வைக்க வழி பார்ப்பது நலத்துறையின் கடமை. அப்படி ஐம்பது அறுபது பேரையாவது அவள் வீடு சேர்த்திருப்பாள். முதல் சில வருஷங்கள் அவர்கள் போகும்போது சந்தோஷப்பட்டாள். பிறகு எப்போதோ மனசு மரத்துப்போனது. எப்போது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அவளுக்கென்று இருப்பது ஒரே அக்கா. அம்மா போன பிறகு தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள், தையல் மெஷினை மிதித்துத் தங்கையை டைப்ரைட்டிங் படிக்க வைத்தவள், அந்த மும்முரத்தில் தன் கல்யாணத்தையே மறந்துபோனவள். தங்கைக்கும் ஏனோ கூடிவரவில்லை. இருவரும் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீட்டில் முப்பது வருஷம் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து அக்காவின் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாள். அக்காவின் கட்டிலில் இப்போது மடிக்காத துணி கிடக்கிறது.

இல்லத்திலிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது. நோயாளி இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார், தானே சாப்பிடுகிறார், பதினாலு நாளில் வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று எழுதியிருந்தார்கள்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பயமும் வரவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துத் தப்பு தேடினாள். ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது. குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள், நோயாளிக்குச் சொல்லவில்லை; அறிவிப்பு செல்லாது. வீட்டுக்கு நாற்பத்தாறு படி, லிஃப்ட் கிடையாது, சோதிக்கவில்லை. இரண்டையும் எழுதி அனுப்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்காவிடம் போனாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து நகம் வெட்டிவிட்டாள். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

இல்லத்து மேலாளர் ஒல்லியான மனிதர், பயந்த சுபாவம். அவள் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். அக்காவை உட்காரவைத்து அறிவிப்பை வாசித்துக் காட்டினார். வீட்டுப் படிகள்தான் பிரச்சினை என்றும் சொன்னார். பதினாலு நாள் கழித்து மூவருமாக உட்காரும் தேதி வந்தது.

கையெழுத்தம்மா மேலாளர் அறைக்குப் போனபோது அக்கா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். காலடியில் துணிப்பை இருந்தது. சீப்பு மேலாகத் தெரிந்தது.

"பாப்பா, நான் ஏறிட்டேன்டீ," என்றாள் அக்கா. வலப்பக்க உதடு இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

"என்னக்கா ஏறின?"

"படிதான். இங்க மாடிக்குப் பன்னெண்டு படி. நாலு தடவ ஏறினேன். நம்ம வீட்டுக்கு மேல ரெண்டு படி கூடவே ஏறிட்டேன்!"

மேலாளர், நடைப்பயிற்சி கொடுப்பவர் எழுதிய தாளை நகர்த்தினார். ஒவ்வொரு நாளும் எத்தனை படி என்று இருந்தது. முதல் நாள் மூன்று. நேற்று நாற்பத்தெட்டு. கையெழுத்து, தேதி, எல்லாம் சரி. தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

"படி சரி," என்றாள் கையெழுத்தம்மா. தினமும் மேசையில் பேசுகிற குரலே வந்தது. "ஆனா நான் எட்டு மணிக்குக் கிளம்பினா ஆறு மணிக்குத்தான் வருவேன். பகல்ல பாத்துக்க ஆள் இல்ல. ஆள் இல்லாத எடத்துக்கு அனுப்பக் கூடாது."

சொன்னது பொய்யில்லை. சட்டத்தில் அதற்கு அடுத்து, உதவியாளரை அனுப்பச் சொல்லும் வாக்கியமும் அவளுக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை.

இல்லத்திலும் அதே நாலு பக்கப் படிவம்தான்; மேலாளர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "அம்மா, உங்க விருப்பம் என்ன? நீங்களே சொல்லணும்."

அக்கா தங்கையின் முகத்தையே பார்த்தாள். சின்ன வயசில் காய்ச்சலா என்று பார்க்கிற அதே பார்வை. பிறகு காலால் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

"வீட்டுக்குப் போகணும்னுதான் இருந்துச்சு. அவளுக்கு எதுக்குக் கஷ்டம், பாவம், வேலைக்குப் போறவ. பரவால்ல. இங்கயே இருக்கேன்னு எழுதிக்கோங்க."

மேலாளர் எழுதினார். நிமிர்ந்து, தாளைக் கையெழுத்தம்மா பக்கம் திருப்பி வைத்தார்.

"சரியா இருக்கான்னு பாருங்க மேடம். உங்ககிட்ட தப்பா எழுத முடியுமா?"

'நோயாளி இல்லத்திலேயே தொடர விரும்புகிறார்' என்று இருந்தது.

அவள் இரண்டு முறை படித்தாள். சிவப்புப் பேனா கைப்பையில் இருந்தது. வெட்கமாக இருந்தது, அதுவும் வேறு யாருக்கோ வந்த வெட்கம் மாதிரி தள்ளியே நின்றது. அழுகை வருமா என்று கொஞ்சம் காத்துப் பார்த்தாள். வரவில்லை.

"சரியா இருக்கு," என்றாள்.

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆயா வந்து பையை எடுத்துக்கொண்டு அக்காவை எழுப்பினாள். அறைக்குத் திரும்பும் வழியில் மாடிப்படி இருந்தது. அக்கா அதன் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.