சாவு சொன்ன வண்டி

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்த வாரத்தில், என் அப்பா உயிரோடு இருக்கும்போதே அவரைச் சாகடித்தான் என் சிநேகிதன். அதற்கு அவன் எடுத்துப்போனது என் வண்டி. அந்த வண்டிக்குப் பிக்கப் கொண்டுவந்தவனும் நான்தான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, விட்டுத்தள்ளு என்று யாராவது சமாதானம் சொன்னால் அவர்கள் மேலும் எனக்குக் கோபம் வரும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவனும் நானும் சேர்ந்து மெக்கானிக் கடை வைத்திருந்தோம். சொந்தமில்லாவிட்டாலும் பங்காளி என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். கல்வராயன் மலையில் ஏதோ ஒரு திட்டத்துக்கு மோட்டார் சைக்கிள்கள் வந்திருந்தன. அவற்றை ஓட்டவும் ரிப்பேர் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும், நிரந்தர வேலை. மலைமேல் கரியாலூரில் ஆளெடுப்பு. சொந்த வண்டியில் மண்மேட்டில் ஏறிக் காட்ட வேண்டும். எனக்கும் கடிதம் வந்தது, அவனுக்கும் வந்தது. அவன் தன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு வாணாம் பங்காளி. உங்கப்பா குத்தகைக் கரும்புல இடுப்பொடிஞ்சிக்கினு கெடக்காரு. நீ போ" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேலை கிடைத்தால் அப்பா அடுத்தவன் நிலத்தில் குனிய வேண்டியதில்லை. எனக்கு அது ஒன்றுதான் கணக்கு.

என்னிடம் இருந்தது பழைய நாலு ஸ்ட்ரோக் வண்டி. சமதரையில் சமர்த்தாக ஓடும். மேட்டில் சடாரென்று ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு விக்கு விக்கும், அப்படியே அணைந்துவிடும், வண்டி பின்னால் உருளும். எங்கள் ஊர் மெக்கானிக்குகள் எல்லாரும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் கை பழகியவர்கள். பிக்கப் இல்லை என்றால் பெட்ரோல் கூடப் பாயட்டும், பெரிய ஜெட்டைப் போடு என்பார்கள். போட்டேன். முழுசாகத் திருகும்போது இழுத்தது, விக்கல் மட்டும் நிற்கவில்லை. பத்து நாள், காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் புரிந்தது. திடீரென்று திருகும்போது காற்று முந்திக்கொள்கிறது, பெட்ரோல் பின்தங்குகிறது. உள்ளே ஏறி இறங்கும் ஊசியில் கிளிப் மாட்ட ஐந்து காடி, சின்னச் சின்னப் பள்ளம், இருக்கும். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கி மாட்டினால் ஊசி ஒரு துளி உயரும், பெட்ரோல் கொஞ்சம் தாராளமாக வரும். அதைச் செய்தேன். சின்ன ஜெட்டின் துளையைப் பிரேக் கேபிளின் ஒற்றை இழையால் சுத்தம் செய்தேன். ஆக்சிலேட்டர் கேபிளின் தொளதொளப்பை எடுத்தேன். கடைசியாகக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்றுத் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக வைத்துப் பார்த்தேன். கையைத் திருகும் முன்பே வண்டி புரிந்துகொண்டு பாய்ந்தது. சத்தமே மாறிப்போயிற்று. எங்கள் தெருவில் குழந்தைகூட அந்தச் சத்தத்தை வைத்து நான் வருவதைச் சொல்லும்.

ஆளெடுப்பு நாளுக்கு இரண்டு நாள் முன்னால் போராட்டம் ஆரம்பித்தது. எங்கள் ஜனத்துக்கு வேலையிலும் படிப்பிலும் பங்கு வேண்டும் என்று அவனும் நானும்கூடக் கோடாலி பிடித்தவர்கள்தான். பஸ் கிடையாது. வாய்க்கால் கரை, கரும்புக் காடு என்று எப்படியாவது சுற்றிப் போய்விடலாம், வண்டியில்தான் பிக்கப் இருக்கிறதே என்று நான் தைரியமாக இருந்தேன்.

ஆளெடுப்பு அன்று விடிந்தும் விடியாமலும் அவன் வந்து நின்றான். "டேம் வரிக்கும் ஒரு ட்ரையல் பாத்துட்டு வந்துட்றேன். நீ குளிச்சிட்டு ரெடியா இரு" என்றான். நானும் சாவியைக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா? மலை மேலே காற்று மெலிசு, அங்கே காற்றுத் திருகைக் கால் சுற்று வெளியே எடுக்கணும், நான் போகும்போது ஞாபகப்படுத்து என்று வேறு சொன்னேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, சர்ட்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்குப் பஞ்சர் என்று நினைத்தேன். பத்து மணிக்கு, மறியலில் யாராவது அவனை அடித்துப் போட்டுவிட்டார்களோ என்று பயந்தேன். அவனுக்காகப் பயந்தேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சாயங்காலம் தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்த என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, தலைவிரி கோலமாக வந்தாள். வெட்டிப்போட்ட மரங்களைத் தாண்டித் தாண்டி அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தாள். காலெல்லாம் ரத்தம். கையில் அப்பாமேல் போர்த்தப் புது வேட்டி. அப்பா அப்போதுதான் கூழைக் குடித்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"இன்னாம்மா, யாரு செத்துப் பூட்டது?" என்று கேட்டார்.

அத்தை அவரைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வந்து அப்பாவின் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். "உன்ன நெனச்சி வழியெல்லாம் அழுதுக்கினு வந்தேனேண்ணா" என்றாள்.

கூட வந்தவர்கள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் எந்த மறியலிலும் சாவு சொல்லப் போகிறவனைத் தடுக்கமாட்டார்கள். மலைக்குப் போகும் வழியில், கச்சிராயபாளையத்தில், வெட்டிப்போட்ட மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டம் நின்றிருக்கிறது. "இந்த வண்டிக்காரனோட அப்பா பூட்டாரு. அவன் மலைல இருக்கான், கூட்டியாரப் போறேன்" என்று இவன் சொல்லியிருக்கிறான். நாலு பேர் சேர்ந்து என் வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தாண்டை வைத்து, பார்த்துப் போப்பா என்று அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் என் வண்டியை அடையாளம் தெரிந்த அத்தை ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் சைக்கிளை மிதித்துப் போய் அத்தைக்குச் சொல்லிவிட்டார்.

அப்பா அந்த வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "எடுத்தாந்தத இன்னாத்துக்கு வீணாக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது. வேலை அவனுக்குத்தான். மேட்டில் ஒரே மூச்சில் ஏறியிருக்கிறான். பிக்கப்புக்கு என்ன செய்தாய் என்று ஆளெடுக்க வந்த அதிகாரி கேட்டதற்கு, காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி என்று என் பாடத்தை அப்படியே ஒப்பித்திருக்கிறான். காற்றுத் திருகைப் பார்த்தேன். சரியாகக் கால் சுற்று வெளியே இருந்தது.

"வேல போனாப் போவுதுடா. எங்கப்பாவ ஏண்டா சாவடிச்ச?" என்று கேட்டேன்.

"சாவுன்னாத்தான் வுடுவாங்க. எங்கப்பாவச் சொல்ல வாய் வரல பங்காளி" என்றான்.

அவனை அடிக்கக் கை வந்தது, அடிக்கவில்லை. அன்றோடு கடையைப் பிரித்துக்கொண்டோம். பனங்காயையும் பங்காளியையும் பதம் பார்த்து வெட்டணும் என்பார்கள். எனக்குப் பதம் பார்க்கத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்திருந்தது.

அப்பா மேலும் இரண்டு வருஷம் குத்தகைக் கரும்பிலேயே குனிந்தார். ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் கட்டப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். என்னால் அப்பாவை விட்டு நகர முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் வண்டியைக் கொடுத்து அத்தைக்குச் சொல்ல அனுப்பினேன். நாலு மணிக்குத் திரும்பி வந்தார், தனியாக. வண்டிச் சத்தம் கேட்டதுமே அத்தை கதவைத் திறந்து வந்து, "இதே வண்டிதான அன்னிக்கும் சாவு சொல்லுச்சி? போய்யா" என்று விரட்டிவிட்டாளாம். மறுபடி ஆள் அனுப்ப நேரமில்லை. பொழுது சாயும்வரை காத்திருந்து எடுத்துவிட்டோம்.

பால் தெளிக்கும் அன்றுதான் நிஜம் தெரிந்து அத்தை பஸ்ஸில் வந்தாள். வெறும் கையோடு வந்தாள். சுடுகாட்டுச் சாம்பல் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. அழுதுவிடு அத்தை என்றேன்.

"வரலடா" என்றாள். "இருந்ததெல்லாம் அன்னிக்கே அழுதுட்டேன்."